பாய்மரப் படகுப் பந்தயம்: அறிவிப்புப் பலகையிலிருந்து புகார் விசாரணை வரை

கிளப் பந்தயத்துக்கு முதன்முறை வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே ஒரு விதியை மனப்பாடம் செய்துகொண்டு வருவார்கள்: ஸ்டார்போர்டு படகுக்கு (காற்று வலப்பக்கமிருந்து படுவது) போர்ட் படகு (காற்று இடப்பக்கமிருந்து படுவது) வழிவிட வேண்டும். நானும் அப்படித்தான் போனேன். அந்த விதியை ஒருமுறைகூட மீறவில்லை. ஆனாலும் தகுதி நீக்கம். முதல் சுற்றை முடித்து இரண்டாவது சுற்றுக்குத் திரும்பும்போது தொடக்கக் கோட்டின் நடுவே புகுந்து போய்விட்டேன். சுற்றுகளுக்கு இடையில் அந்தக் கோட்டைக் கடக்கக் கூடாது என்று பந்தய அறிவுறுத்தலில் ஒரு வரி இருந்தது, நான் படிக்கவில்லை. பந்தயத்தை நடத்தும் கமிட்டியே புகார் எழுதியிருந்தது. விசாரணை இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

அதனால் இந்த வழிகாட்டி தண்ணீரில் தொடங்காமல் காகிதத்தில் தொடங்குகிறது.

முதல் வேலை: படிக்க வேண்டியவை

உலகெங்கும் கிளப் பந்தயங்கள் நடப்பது வேர்ல்டு செய்லிங் அமைப்பு வெளியிடும் பாய்மரப் பந்தய விதிகளின்படி. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை திருத்துவார்கள். இப்போது நடைமுறையில் இருப்பது 2025 ஜனவரி 1 முதல் 2028 முடிய உள்ள பதிப்பு. பழைய பதிப்பை வைத்துக்கொண்டு வாதாட வேண்டாம். விதி எண்கள்கூட இடம் மாறியிருக்கின்றன.

அதற்கு மேல் இரண்டு தாள்கள் உண்டு. ஒன்று, போட்டி அறிவிப்பு: யார் கலந்துகொள்ளலாம், எந்த வகைப் படகு, எத்தனை பந்தயம், கட்டணம் எவ்வளவு. இதை வீட்டிலேயே படித்துவிடலாம். மற்றொன்று, பந்தய அறிவுறுத்தல்கள். அன்றைக்குத் தண்ணீரில் என்ன நடக்கும் என்பது முழுக்க இதில்தான் இருக்கிறது. சில விதிகளை இந்தத் தாள் மாற்றலாம், ஆனால் எந்த விதியை மாற்றுகிறோம் என்று வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும். இரண்டு படகு சந்திக்கும்போது யாருக்கு உரிமை என்ற பகுதியை எந்தக் கிளப்பும் இதன் மூலம் மாற்ற முடியாது.

அறிவுறுத்தலைப் படிக்கும்போது ஐந்து விஷயங்களை நனையாத பலகையில் பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள்: உங்கள் படகு வகுப்புக்கான கொடி, தொடக்கக் கோடு எதற்கும் எதற்கும் இடையில், மிதவைகளின் வரிசையும் எந்தப் பக்கமாகச் சுற்ற வேண்டும் என்பதும், முடிக்க வேண்டிய நேர வரம்பு, புகார் கொடுக்கும் நேர வரம்பு. மை பேனா வேண்டாம். முதல் அலையிலேயே கரைந்து போகும்.

கரையில்

படகை இறக்கும் முன் அறிவிப்புப் பலகையை இன்னொரு முறை பாருங்கள். கரைக் கம்பத்தில் மஞ்சளும் கறுப்பும் நான்கு கட்டமாக உள்ள எல் கொடி பறந்தால் போட்டியாளர்களுக்குப் புதிய அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள் என்று பொருள். மஞ்சள் சிவப்புச் சாய்வுக் கோடுகள் கொண்ட ஒய் கொடி என்றால் உயிர்காப்புச் சட்டை கட்டாயம். சிவப்பு வெள்ளை நெடுங்கோடுகள் கொண்ட ஏபி கொடி என்றால் பந்தயம் தள்ளிப்போகிறது, அவசரப்பட்டு இறக்க வேண்டாம். கையெழுத்துப் பட்டியல் வைத்திருக்கும் கிளப்பில் கையெழுத்துப் போடாமல் போகாதீர்கள்.

இன்னொன்று. காற்று அதிகமாக இருக்கிறதா, போகலாமா வேண்டாமா என்ற முடிவு கமிட்டியுடையது அல்ல. பந்தயத்தில் இறங்குவதும் தொடர்வதும் அந்தந்தப் படகின் சொந்தப் பொறுப்பு என்று விதியே சொல்கிறது. கமிட்டி கொடி ஏற்றிவிட்டது, அப்படியானால் பாதுகாப்பாகத்தான் இருக்கும் என்று நினைத்துப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தொடக்கத்துக்கு அரை மணி முன்

சீக்கிரம் போய்விடுங்கள். கமிட்டிப் படகில் தொங்கும் பலகையில் பாதை எழுதியிருக்கும். உங்கள் பென்சில் குறிப்புடன் ஒத்துப்பாருங்கள்.

அப்புறம் கோட்டைச் சோதியுங்கள். பொதுவாகக் கோட்டின் ஒரு முனை கமிட்டிப் படகின் கம்பம், மறுமுனை ஒரு மிதவை. கோடு காற்றுக்குச் சரியான குறுக்காக அமைவது அபூர்வம். கோட்டின் நடுவில் படகை நேராகக் காற்றுக்கு எதிரே நிறுத்துங்கள். பாய் படபடவென்று அடிக்கும். படகின் மூக்கு எந்த முனைப் பக்கம் சாய்ந்து நிற்கிறதோ அந்த முனைதான் காற்றுக்கு அருகில் இருக்கிறது. அங்கிருந்து கிளம்பினால் முதல் மிதவைக்குக் கொஞ்சம் குறைவாக ஓட்டினால் போதும். எல்லோரும் அங்கேதான் முண்டியடிப்பார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். புதிதாக வருகிறவர்கள் அந்தக் கூட்டத்தை விட்டு ஓரிரண்டு படகு இடைவெளி தள்ளிக் கிளம்புவதே நல்லது.

கோட்டின் ஒரு முனைக்கு வெளியே நின்று மறுமுனை வழியாகப் பார்த்து, அதே நேர்க்கோட்டில் கரையில் என்ன தெரிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்: ஒரு மரம், ஒரு கோபுரம், ஏதாவது. கோட்டின் நடுவில் இருக்கும்போது நாம் கோட்டுக்குப் பின்னால் நிற்கிறோமா, தாண்டிவிட்டோமா என்று கண்ணால் சொல்லவே முடியாது. அந்த மரம்தான் சொல்லும்.

ஐந்து நிமிடங்கள்

பந்தயம் தொடங்கும் முறை இதுதான். ஐந்து நிமிடத்துக்கு முன் உங்கள் வகுப்புக் கொடி ஏறும், ஒரு ஒலி. நான்கு நிமிடத்துக்கு முன் தயார்க் கொடி ஏறும், ஒரு ஒலி. ஒரு நிமிடத்துக்கு முன் தயார்க் கொடி இறங்கும், ஒரு நீண்ட ஒலி. பூஜ்யத்தில் வகுப்புக் கொடி இறங்கும், ஒரு ஒலி. அவ்வளவுதான்.

கைக்கடிகாரத்தை ஒலிக்கு அல்ல, கொடிக்கு அழுத்துங்கள். விதிப்படி நேரம் கொடியிலிருந்துதான். ஒலி வராமலே போனாலும் கணக்கு மாறாது. இது வெறும் சட்ட நுணுக்கம் இல்லை. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். கமிட்டிப் படகிலிருந்து 170 மீட்டர் தள்ளி நின்றால் அரை நொடி தாமதமாகத்தான் உங்கள் காதுக்கு வரும். எதிர்காற்று வீசினால் சில நேரம் கேட்கவே கேட்காது.

நான்கு நிமிடக் கொடி ஏறிய அந்த நொடியிலிருந்து நீங்கள் பந்தயத்தில் இருக்கிறீர்கள். இயந்திரம் ஓடக் கூடாது, துடுப்புப் போடக் கூடாது, கோட்டு மிதவையைத் தொட்டாலும் தண்டனை உண்டு. இன்னும் ஆரம்பிக்கவில்லையே என்ற பேச்செல்லாம் எடுபடாது.

தயார்க் கொடி எது என்பதைக் கவனியுங்கள். நீலத்தில் வெள்ளைச் சதுரம் உள்ள பி கொடி என்றால் கவலை இல்லை: முன்கூட்டித் தாண்டியிருந்தால் கோட்டுக்குப் பின்னால் முழுமையாக வந்து மறுபடி கிளம்பலாம். மஞ்சளில் கறுப்பு வட்டம் உள்ள ஐ கொடி என்றால், கடைசி ஒரு நிமிடத்தில் கோட்டுக்கு மேல் போனவர் கோட்டின் ஏதாவது ஒரு முனைக்கு வெளியே சுற்றி வந்துதான் திரும்பக் கிளம்ப வேண்டும். அப்படியே பின்வாங்கினால் செல்லாது. மற்ற மூன்று கொடிகளும் (இசட், யு, கறுப்பு) கோட்டின் இரு முனைகளும் முதல் மிதவையும் சேர்ந்த முக்கோணத்தைப் பற்றியவை. கடைசி நிமிடத்தில் அதற்குள் இருந்தது அடையாளம் காணப்பட்டால், இசட் கொடிக்கு மதிப்பெண்ணில் 20 சதவீதத் தண்டனை. யு கொடிக்கு அந்தப் பந்தயத்தில் தகுதி நீக்கம், ஆனால் பந்தயம் மறுபடி தொடங்கப்பட்டால் இன்னொரு வாய்ப்பு. கறுப்புக் கொடிக்கு அந்த வாய்ப்பும் இல்லை. தொடங்கும் முறையில் எதைக் குழப்பிக்கொண்டாலும் கறுப்புக் கொடியைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கடைசி நாற்பது நொடி எப்படி இருக்கும் என்றால்: பாயைத் தளர்த்திப் படகை ஏறக்குறைய நிறுத்தி வைத்திருப்பீர்கள். வலப்பக்கம் ஒருவர் ஒட்டி வருவார், இடப்பக்கம் கீழேயிருந்து, அதாவது காற்று விலகிப் போகும் பக்கமிருந்து, இன்னொருவர் மூக்கை மேலே, காற்றை நோக்கி, தூக்குவார். கீழே இருப்பவருக்குத்தான் உரிமை, அவர் மேலே தள்ளத் தள்ள நீங்களும் மேலே போக வேண்டும். நீங்கள் மேலே போனால் உங்களுக்கு மேலே இருப்பவரும் போக வேண்டும். இந்தச் சங்கிலியில் யாராவது ஒருவர் "இடமில்லை!" என்று கத்துவார். பத்து நொடி இருக்கும்போது கயிற்றை இழுப்பீர்கள். படகு சாய்ந்து வேகம் எடுக்க அவ்வளவு நேரம் தேவை. கொடி இறங்கும்போது முழு வேகத்தில் கோட்டில் இருப்பதுதான் நல்ல தொடக்கம். கோட்டில் நின்றுகொண்டிருப்பது நல்ல தொடக்கம் இல்லை.

தொடங்கியவுடன் ஒரு ஒலியுடன் வெள்ளையில் நீலச் சிலுவை உள்ள எக்ஸ் கொடி ஏறினால் யாரோ ஒருவர் அல்லது சிலர் முன்கூட்டித் தாண்டிவிட்டார்கள். யார் என்று கமிட்டி சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. அவர்கள் எல்லோரும் திரும்பும் வரை, அதிகபட்சம் நான்கு நிமிடம், கொடி பறக்கும். சந்தேகம் இருந்தால் திரும்புங்கள். திரும்பும்போது சரியாகக் கிளம்பிய எல்லோருக்கும் நீங்கள் ஒதுங்க வேண்டும். ஏகப்பட்ட பேர் தாண்டிவிட்டு யார் யார் என்றே தெரியாமல் போனால் இரண்டு ஒலியுடன் முதல் மாற்றுக் கொடி ஏறும்: நீல ஓரத்துக்குள் மஞ்சள் முக்கோணம். எல்லோரும் மறுபடி. அந்தக் கொடி இறங்கி ஒரு நிமிடத்தில் ஐந்து நிமிடக் கணக்கு திரும்ப ஆரம்பிக்கும்.

யார் யாருக்கு வழிவிட வேண்டும்

அடிப்படை நான்குதான்.

எதிரெதிர் டாக்கில் (காற்று எந்தப் பக்கமிருந்து படுகிறதோ அதுதான் டாக்) இருந்தால், போர்ட் டாக் படகு ஸ்டார்போர்டு டாக் படகுக்கு ஒதுங்க வேண்டும். எந்த டாக் என்று தெரியாமல் தடுமாறினால் பூமைப் பாருங்கள், அதாவது பாயின் அடியில் இருக்கும் கிடைக்கட்டையை. அது படகின் இடப்பக்கம் இருந்தால் காற்று வலப்பக்கமிருந்து வருகிறது, நீங்கள் ஸ்டார்போர்டு டாக். பூமின் வலப்பக்கத்தில் பச்சை நாடாவும் இடப்பக்கத்தில் சிவப்பு நாடாவும் ஒட்டி வைத்தால் யோசிக்கவே வேண்டாம்: நீங்கள் உட்கார்ந்த இடத்திலிருந்து பச்சை தெரிந்தால் ஸ்டார்போர்டு டாக், சிவப்பு தெரிந்தால் போர்ட்.

ஒரே டாக்கில் பக்கவாட்டில் ஒன்றை ஒன்று தழுவி (தொடாமல், ஒன்றின் மூக்கு மற்றதன் பின்முனையைத் தாண்டி) ஓடினால், காற்று வரும் பக்கத்தில் இருப்பவர் கீழ்ப்பக்கத்தில் இருப்பவருக்கு ஒதுங்க வேண்டும். ஒரே டாக்கில் முன்பின்னாக இருந்தால் பின்னால் வருபவர் ஒதுங்க வேண்டும். டாக் மாற்றும்போது படகின் மூக்கு காற்றுக்கு நேராகப் போனதிலிருந்து மறுபக்கம் காற்றுக்கு எவ்வளவு நெருக்கமாக ஓட முடியுமோ அந்தக் கோணத்துக்கு வந்து சேரும் வரை நீங்கள் எல்லோருக்கும் ஒதுங்க வேண்டும்.

இவை நான்கும் எளிது. இவற்றுக்கான வரம்புகளில்தான் வாய்ச்சண்டை. உரிமை உள்ளவர் திசை மாற்றினால், மற்றவர் ஒதுங்குவதற்கு இடம் தர வேண்டும். புதிதாக உரிமை பெற்றவரும் ஆரம்பத்தில் இடம் தர வேண்டும். மற்றவருடைய செயலால் உங்களுக்கு உரிமை வந்திருந்தால் மட்டும் இது பொருந்தாது. எல்லாவற்றுக்கும் மேலாக, மோதலைத் தவிர்க்க முடியுமானால் உரிமை உள்ளவரும் தவிர்த்தாக வேண்டும். எதிராளி ஒதுங்கப் போவதில்லை என்று தெளிவாகும் வரை நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை. தெளிவான பிறகும் நேராகவே போய் இடித்துச் சேதமோ காயமோ ஏற்பட்டால் உரிமை உங்களைக் காப்பாற்றாது.

ஒரு கணக்கு. இரண்டு படகுகளும் 5 நாட் வேகத்தில், நொடிக்குச் சுமார் 2.6 மீட்டர், காற்றை எதிர்த்து ஏறக்குறைய செங்கோணத்தில் நெருங்குகின்றன. அவற்றுக்கு இடையிலான தூரம் நொடிக்கு மூன்றரை மீட்டருக்கு மேல் குறைகிறது. 40 மீட்டர் என்பது பதினொரு நொடி. அதற்குள் நீங்கள் போர்ட்டில் இருக்கிறீர்கள் என்று உணர்ந்து, பாயின் கீழே குனிந்து பார்த்து, முடிவெடுக்க வேண்டும். வழிகள் இரண்டு: பாயைத் தளர்த்தி அவருடைய பின்பக்கமாகப் போவது, அல்லது முன்னதாகவே டாக் மாற்றுவது. டாக் மாற்றினால், அது முடியும் வரை அவர் ஒதுங்கவே வேண்டியிருக்கக் கூடாது. புதியவர்கள் பின்பக்கமாகவே போகலாம். ஒரு படகு நீளம்தான் இழப்பு.

"ஸ்டார்போர்டு!" என்று கூவுவது விதிப்படி கட்டாயமில்லை. ஆனாலும் கூவுங்கள், எதிரே வருபவர் பாய்க்குப் பின்னால் உங்களைப் பார்க்காமலே இருக்கலாம்.

மிதவையைச் சுற்றும்போது

மிதவையைச் சுற்றி மூன்று படகு நீளத்துக்கு ஒரு கற்பனை வட்டம். இல்கா என்ற ஒருவர் ஓட்டும் சிறிய படகு 4.23 மீட்டர், எனவே வட்டத்தின் ஆரம் சுமார் 12.7 மீட்டர். முதல் படகு அந்த வட்டத்தைத் தொடும் கணத்தில் ஒரு புகைப்படம் எடுத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் படத்தில் இரண்டும் தழுவி இருந்தால் வெளியே இருப்பவர் உள்ளே இருப்பவருக்கு இடம் தர வேண்டும். தழுவாமல் இருந்தால் பின்னால் இருப்பவர் முன்னால் இருப்பவருக்குத் தர வேண்டும். அதற்குப் பிறகு உள்ளே மூக்கை நுழைத்துவிட்டு "இடம்!" என்று கேட்டால் கிடைக்காது. சண்டை எல்லாம் அந்தப் படம் எந்தக் கணத்தில் எடுக்கப்பட்டது என்பதில்தான். தழுவல் உண்டானதா, முறிந்ததா என்று நியாயமான சந்தேகம் வந்தால் அதற்கு முந்தைய நிலையே நீடித்ததாக எடுத்துக்கொள்வார்கள்.

முக்கியமாக இரண்டு இடங்களில் இந்த விதி பொருந்தாது. ஒன்று, காற்றை எதிர்த்து ஏறும்போது எதிரெதிர் டாக்கில் மேல் மிதவைக்கு வந்து சேர்கிறவர்கள்: அங்கே பழைய போர்ட் ஸ்டார்போர்டு கணக்குதான். மற்றொன்று, தொடங்குவதற்காக நெருங்கும்போது கமிட்டிப் படகும் தொடக்க மிதவையும். கமிட்டிப் படகை ஒட்டி உள்ளே நுழைந்து "இடம்!" என்று கேட்கிறவருக்கு எந்த உரிமையும் கிடையாது. வாரம் தவறாமல் யாராவது கேட்கத்தான் செய்கிறார்கள்.

பாதை நடுவிலும் கொடிகள் வரலாம். இரண்டு ஒலியுடன் எஸ் கொடி என்றால் பந்தயம் அந்த இடத்திலேயே சுருக்கப்படுகிறது. மூன்று ஒலியுடன் நீல வெள்ளைச் சதுரங்கக் கட்டம் போட்ட என் கொடி என்றால் பந்தயம் கைவிடப்பட்டது. மிதவை அருகில் சி கொடி என்றால் அடுத்த மிதவையின் இடம் மாறியிருக்கிறது.

தப்பு செய்துவிட்டால்

இந்த விளையாட்டில், பெரிய போட்டிகளைத் தவிர, தண்ணீரில் நடுவர் கிடையாது. தப்பு என்று தெரிந்தால் தண்டனையை நீங்களே எடுத்துக்கொள்ள வேண்டும். வழி உரிமையை மீறினால் படகை இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும்: ஒரே திசையில், ஒவ்வொரு சுற்றிலும் ஒரு டாக்கும் (மூக்கு காற்றைக் கடக்கத் திரும்புவது) ஒரு ஜைபும் (பின்பக்கம் காற்றைக் கடக்கத் திரும்புவது) இருக்க வேண்டும். மிதவையைத் தொட்டால் ஒரு சுற்று. சம்பவம் நடந்ததும் கூட்டத்திலிருந்து நன்றாக விலகி உடனே போட வேண்டும். அடுத்த மிதவையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் செல்லாது. சுற்றும்போது எல்லோருக்கும் ஒதுங்க வேண்டும். உங்கள் மீறலால் காயமோ பெரிய சேதமோ ஏற்பட்டால், அல்லது அதனால் உங்களுக்குப் பெரிய ஆதாயம் கிடைத்திருந்தால், சுற்று போதாது, விலகிவிட வேண்டும்.

பாயை விசிறி போல் அடிப்பது, படகை ஆட்டி ஆட்டி நகர்த்துவது, சுக்கானைத் துடுப்பாக அசைப்பது எல்லாம் தடை. காற்றும் தண்ணீரும்தான் படகை நகர்த்த வேண்டும். காற்றில்லாத நாளில் ஆசை வரும்.

முடிவுக் கோட்டில் இருக்கும் கமிட்டிப் படகில் நீலக் கொடி பறக்கும். படகின் உடலின் எந்தப் பகுதியாவது பாதைப் பக்கத்திலிருந்து கோட்டைத் தொட்டால் முடித்ததாகக் கணக்கு. ஆனால் கோட்டையும் அதன் மிதவைகளையும் விட்டு விலகும் வரை பந்தயத்தில்தான் இருக்கிறீர்கள். முடித்த மகிழ்ச்சியில் மிதவையில் இடித்தால் ஒரு சுற்று போட்டு, கோட்டின் பாதைப் பக்கத்துக்கு முழுமையாகப் போய்த் திரும்ப முடிக்க வேண்டும்.

புகார்

ஒருவர் விதியை மீறினார், சுற்றும் போடவில்லை என்றால் புகார் செய்யலாம். அதைப் பகையாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. முதல் வாய்ப்பிலேயே "புரோடெஸ்ட்" என்று உரக்கச் சொல்ல வேண்டும், அந்தச் சொல்லையே. "பார்த்து ஓட்டுப்பா!" என்று கத்தியது புகாராகாது. உங்கள் படகு 6 மீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் சிவப்புக் கொடியும் காட்ட வேண்டும். நல்ல புகார்கள் பல இந்த இடத்திலேயே விழுந்துவிடுகின்றன, ஏனென்றால் விசாரணைக் குழு முதலில் பார்ப்பது முறைப்படி தெரிவித்தீர்களா என்பதைத்தான்.

கரைக்கு வந்ததும் எழுதிக் கொடுங்கள்: யார், யார் மீது, எந்தச் சம்பவம். அறிவுறுத்தல் வேறு சொல்லாவிட்டால், கடைசிப் படகு முடித்து இரண்டு மணி நேரத்துக்குள். விசாரணையில் சின்ன பொம்மைப் படகுகளை மேசையில் வைப்பார்கள். முதலில் காற்றின் திசையை அம்பாகப் போடுங்கள். தூரத்தை மீட்டரில் சொல்லாமல் படகு நீளத்தில் சொல்லுங்கள். எதிராளி முரட்டுத்தனமாக ஓட்டினார் என்று சொல்வதால் பயனில்லை. "இரண்டு நீளம் இருக்கும்போது நான் ஸ்டார்போர்டில் நேராக ஓட்டினேன், மோதலைத் தவிர்க்கச் சுக்கானை இழுக்க வேண்டியிருந்தது" என்பது பயன்படும். சாட்சி இருந்தால் கூட்டி வாருங்கள். முடிவில் தவறு இருப்பதாக நினைத்தால், எழுத்துப்பூர்வ முடிவு கையில் கிடைத்து 15 நாளுக்குள் தேசிய அமைப்பிடம் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் விதியைப் பொருத்தியதிலும் நடைமுறையிலும்தான், குழு கண்டறிந்த உண்மைகளின் மீது முடியாது.

கமிட்டியின் பிழையால், அல்லது ஆபத்தில் இருந்தவருக்கு உதவியதால், உங்கள் தவறே இல்லாமல் இடம் கணிசமாகக் கெட்டுப்போனால் நிவாரணம் கேட்கலாம். கவிழ்ந்தவருக்கு உதவப் போனால் பந்தயம் போய்விடுமே என்று தயங்க வேண்டியதில்லை. உதவுவது விதிப் புத்தகத்தின் முதல் விதி, நிவாரணமும் அதற்காகவே இருக்கிறது.

மதிப்பெண்

முதலிடத்துக்கு 1, இரண்டாமிடத்துக்கு 2. குறைவாக எடுத்தவர் வெற்றி. முடிக்காதவர், தகுதி நீக்கப்பட்டவர், முன்கூட்டித் தாண்டித் திரும்பாதவர் எல்லோருக்கும், தொடரில் பதிவான படகுகளின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டி. 20 படகு என்றால் 21. அறிவுறுத்தல் மாற்றாவிட்டால் மிக மோசமான ஒரு மதிப்பெண் கழிக்கப்படும்.

பலவகைப் படகுகள் சேர்ந்து ஓடினால் நேரத்தைச் சரிசெய்வார்கள். போர்ட்ஸ்மவுத் யார்டுஸ்டிக் முறையில், ஓடிய நொடிகளை 1000 ஆல் பெருக்கி, அந்த வகைப் படகுக்குத் தந்திருக்கும் எண்ணால் வகுக்க வேண்டும். எண் 950 உள்ள வேகமான படகு 54 நிமிடத்தில் முடித்தது என்று வைத்துக்கொள்வோம்: 3240 நொடி, சரிசெய்தால் 3411. எண் 1100 உள்ள மெதுவான படகு 60 நிமிடம்: 3600 நொடி, சரிசெய்தால் 3273. ஆறு நிமிடம் பின்னால் வந்தவர்தான் வென்றார். ஆகவே உங்கள் வகைப் படகு யாரும் பக்கத்தில் இல்லாமல் தனியாக ஓடுகிறீர்கள் என்றாலும் வேகத்தை விடாதீர்கள்.

நடுவில் விலகி வீட்டுக்குப் போவதானால் கமிட்டியிடம் சொல்லிவிட்டுப் போங்கள், பட்டியலில் திரும்பி வந்ததற்கான கையெழுத்தையும் போடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் வீட்டில் குளித்துக்கொண்டிருக்கும்போது மீட்புப் படகு இருட்டும் வரை உங்களைத் தேடிக்கொண்டிருக்கும். தற்காலிக முடிவு ஒட்டப்பட்டதும் உங்கள் பாய் எண்ணையும் இடத்தையும் பாருங்கள். 7 என்று எழுதியதை 1 என்று படித்திருப்பார்கள். அதற்கு மதிப்பெண் திருத்த விண்ணப்பம் ஒன்று போதும்.